கால் பாவாத படம்

ஜெப ஷீலாவுக்கு அந்தப் பேரை வைத்தவர் அவளுடைய அப்பா வேதநாயகம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்கு உபதேசியாராக இருந்தவர். பிள்ளை ஜெபத்தில் ஊன்றி வளரவேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பேர். ஆனால் சபையில் அத்தனை பேரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது, இந்த ஒரு பிள்ளை மட்டும் கண்ணை மூடாது. யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் மூக்கைச் சொறிகிறார்கள், ஓட்டுக்கு இடையில் கூடு கட்டியிருக்கிற குருவி எந்த நேரத்தில் பறக்கும் என்று கொட்டக் கொட்ட முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மாக்காரி தொடையில் கிள்ளுவாள். "நீங்க கண்ணை மூடியிருந்தா, நான் முழிச்சிருந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு இன்னொரு கிள்ளும் வாங்கிக்கொள்ளும்.

அந்த மூடாத கண்தான் பின்னால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பேருக்காக அவள் ஒருநாள் நடுத்தெருவில் நின்று வாய் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது.

எண்பத்திரண்டில் அவளை அருப்புக்கோட்டையில் கிறிஸ்டோவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கிறிஸ்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கீழே வெள்ளத்துரை அண்ணாச்சியின் வத்தல் கடை, மேலே ஸ்டுடியோ. கட்டடம் அண்ணாச்சியுடையது. கீழே மிளகாய் வத்தல் மூட்டையைப் புரட்டினால் மேலே படம் எடுக்க உட்கார்ந்திருப்பவனுக்குத் தும்மல் வரும். அதனால் கிறிஸ்டோ, "தும்முறதா இருந்தா இப்பவே தும்மிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கேமராவுக்குப் பின்னால் போவான். அதற்கப்புறம், "ஆடாதீங்க, அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க." அவன் எடுத்த படத்தில் எல்லாரும் நியாயத்தீர்ப்பு நாளில் வரிசையில் நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நிற்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் சுத்தமான ஆள். முகம் தெளிவாக விழும், காது ரெண்டும் தெரியும். வேறென்ன வேண்டும் என்பான்.

ஷீலாவுக்கு வேறென்னவோ வேண்டியிருந்தது. அவள் கண்ணுக்கு நிற்பது எதுவும் பிடிபடாது, ஓடுவதுதான் பிடிபடும். இருட்டறையில் படம் கழுவக் கற்றுக்கொண்டாள், கேமராவையும் பழகிக்கொண்டாள். ஆனால் படம் எடுக்கிற பொறுப்பு கிறிஸ்டோவுடையது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பிலிம் சுருளின் மிச்சம். முப்பத்தாறு படம் என்று போட்ட சுருள் முப்பத்தெட்டு வரைக்கும் ஓடும். கல்யாணம் முடிந்தபிறகு சுருளைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த ரெண்டு படம் சும்மா கிடக்கும். "எதையாவது எடுத்து முடிச்சிரு, ஷீலா" என்று கேமராவைக் கொடுத்துவிட்டு அவன் பந்திக்குப் போய்விடுவான்.

எதையாவது எடுக்கிற ஆளா அவள்! கையில் ரெண்டே ரெண்டு இருந்தால் மனிதனுக்குப் பொறுமை தானாக வரும். பரளச்சிக் கரிசலில் சூறைக்காற்று சுழன்று வந்து, பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் தலைத்துணியை உருவிக்கொண்டு மேலே போன நேரத்தில் ஒன்று எடுத்தாள். வெள்ளாட்டு முதுகில் சவாரி வந்த கரிச்சான் குருவி சிறகை விரித்த நேரத்தில் ஒன்று. மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்தில், ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறிய ஒரு பொம்பிளை, ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில், வாயில் கவ்விய சுருக்குப் பை. கண்மாயில் காய்ந்து வெடித்த மண்ணில் முதல் துளி விழுந்து புழுதி கிளம்புவதைக்கூட ஒருநாள் பிடித்துவிட்டாள்.

கிறிஸ்டோ பார்ப்பான். நல்லவன், பொறாமை கிடையாது. "நல்லாத்தான் இருக்கு ஷீலா. ஆனா இதை யாரு வாங்குவா?" அந்த 'ஆனா'வைக் கேட்டால் அவளுக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறும்.

இன்னொன்றும் ஏறும். ஊரில் அவளைப் போட்டோக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறதல்லவா? ஏமாந்துவிடாதீர்கள். வாத்தியார் பெண்டாட்டியை வாத்தியாரம்மா என்று கூப்பிடுகிற ஊர். அந்தம்மாவுக்கு அ, ஆ தெரியவேண்டிய அவசியமில்லை. அதேபோலத்தான் இதுவும். போட்டோக்காரரின் சம்சாரம், அவ்வளவுதான். கூப்பிடுகிறபோதெல்லாம் அவள் 'ம்' கொட்டித் திரும்புவாள். அந்த வார்த்தை என்றைக்கு என்னுடையதாகும் என்று உள்ளுக்குள்ளே கேட்டுக்கொள்வாள்.

எண்பத்தாறு வைகாசியில் பரளச்சியில் உக்கிரபாண்டி வீட்டுக் கல்யாணம். வெள்ளத்துரை அண்ணாச்சியும் வந்திருந்தார். வத்தல் வாங்குகிற ஊர், வராமல் இருக்க முடியுமா? அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அம்பத்தஞ்சு வயது, வெள்ளை வேட்டி, தொந்தி, கையில் எப்போதும் குடை. மூட்டு வலி என்று சொந்தக் கட்டடத்தின் மாடிப்படியிலேயே ஏறமாட்டார், கீழே நின்று கூப்பிடுவார். அவர் அவசரப்பட்டு நடந்ததை அருப்புக்கோட்டையில் பார்த்தவர் கிடையாது. வீட்டுக்காரி சரஸ்வதியம்மாளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதையும் கேட்டவர் கிடையாது. 'ஏய்', 'இந்தா', 'உள்ள யாரு', இந்த மூன்றையும் வைத்தே முப்பது வருசம் குடும்பம் நடத்தியவர்.

உச்சி வெயில். கிறிஸ்டோ பந்தியில் உட்கார்ந்துவிட்டான். ஷீலா கையில் ரெண்டு படம் மிச்சம். எச்சில் இலையில் இறங்கிய காக்கா ஒன்றுக்காக ஒரு படத்தைச் செலவழித்தாள். அது அவள் அமுக்குவதற்குள் போயே போய்விட்டது. ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் எவனோ வேட்டுப் போட்டான். புளியமரத்தில் கட்டியிருந்த காளை மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தது. வெற்றிலையை மென்றுகொண்டு ஆற அமர வந்துகொண்டிருந்த அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். பின்னால் காளை. முன்னால், கழுவுவதற்காக வைத்திருந்த பெரிய சோற்று அண்டா. ரெண்டு பக்கமும் சுவர்.

குதித்தார் பாருங்கள்! குடை கையில் விரிந்தபடி, வேட்டி ரெண்டு பக்கமும் கொக்குச் சிறகாக விரிய, வாய் திறந்து ஏதோ கத்தியபடி, அண்டாவுக்கு மேலே அண்ணாச்சி பறந்தார். ஷீலா அமுக்கினாள். காளை அண்டாவை உருட்டிவிட்டுப் போய்விட்டது. அண்ணாச்சி அந்தப்பக்கம் இறங்கி, வேட்டியைச் சரி பண்ணி, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்து, மறுபடி ஆற அமர நடந்து போனார்.

இருட்டறையில் அந்தப் படம் தண்ணீருக்குள் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தபோது ஷீலா, "யேசப்பா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். ஒரு நூல் ஆடவில்லை. அண்ணாச்சி கால் ரெண்டும் அந்தரத்தில், கட்டைவிரல் விரிந்தது உட்படத் தெரிகிறது. சந்தோசத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

அன்றைக்குக் கிறிஸ்டோ படத்தாள் வாங்க மதுரைக்குப் போயிருந்தான். அவள் பெரிய தாளில் ஒன்று போட்டாள். மாடிப்படிக்குக் கீழே தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில், நடுவில் இருந்த மாப்பிள்ளை பொண்ணை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அண்ணாச்சியை நடுவில் மாட்டினாள். கேட்காமல் மாட்டலாமா என்று கேட்டால், மாட்டக்கூடாதுதான். அதெல்லாம் அவளுக்கும் தெரியும். நல்ல படத்தை இருட்டிலேயே வைத்துக்கொண்டிருக்க அவளால் அதற்குமேல் முடியவில்லை.

மறுநாள் காலையில் தெருவில் கூட்டம். தறிக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எதிர்த்த டீக்கடைத் தவசி, எல்லாரும் கண்ணாடிப் பெட்டியை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். "ஏலே, அண்ணாச்சிடா! மூட்டு வலின்னாக?" என்று ஒருவன் சொல்ல, ஒரே சிரிப்பு. கோயிலுக்குப் போய்விட்டு வந்த சரஸ்வதியம்மாள் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடி ஆத்தி! காலு தரையில பாவலையே! பேய்க்குல்ல காலு பாவாது! உசுரோட இருக்கிற மனுசனை இப்பிடி அந்தரத்துல விட்டுட்டாகளே!"

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் ஆனது. இந்தப் பக்கத்தில் பேயை அடையாளம் பார்க்க, கால் தரையில் படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதுவரைக்கும் யாருக்கும் அது உறைக்கவில்லை. இப்போது எல்லார் கண்ணும் அண்ணாச்சியின் காலுக்குப் போயிற்று. சத்தம் கேட்டுக் கடைக்குள்ளிருந்து அண்ணாச்சியே வந்தார். படத்தைப் பார்த்தார். முகம் அவர் விற்கிற வத்தல் நிறத்துக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கித் தாள் கட்டோடு வந்து சேர்ந்தான் கிறிஸ்டோ. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல முழித்தான்.

"கழட்டுடா அதை!" என்றார் அண்ணாச்சி. கழற்றினான். "கிழிச்சுப் போடு!"

"ஐயையோ, கிழிக்காதீக!" என்று சரஸ்வதியம்மாள் அலறினாள். "உசுரோட இருக்கிறவுக படத்தை யாராச்சும் கிழிப்பாகளா?"

"அப்ப கொளுத்து."

"நெருப்பு வைக்கவா? வாயக் கழுவுங்க!"

"கெணத்துல போட்டுருவமா?" என்று தவசி யோசனை சொன்னான்.

"ஒன் வாயில மண்ண அள்ளிப் போட! அவுகளையே கெணத்துல தள்ளுன கணக்குல்ல அது!"

வைத்திருக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. படம் கிறிஸ்டோ கையில் இருந்தபடி இருந்தது. படத்தின்மேல் காட்ட முடியாத கோபத்தை அண்ணாச்சி அவன்மேல் திருப்பினார். "இந்த மாசத்தோட மாடியைக் காலி பண்ணு. என் எடத்துல இருந்துக்கிட்டு என்னையவே சந்தி சிரிக்க வச்சிட்டல்ல?"

கிறிஸ்டோ கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணாச்சி, தப்பு என்னோடது. நான்தான் எடுத்தேன், நான்தான் மாட்டுனேன். எங்க வீட்டுல அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த ஷீலா இதைக் கேட்டாள். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான், அது அவளுக்குத் தெரியாதா? பேசாமல் இருந்தால் ரெண்டு நாளில் அண்ணாச்சி ஆறிவிடுவார். கிறிஸ்டோ இன்னும் நாலு கும்பிடு போட்டால் மாடி தங்கும், பிழைப்பும் தங்கும். வாயைத் திறந்தால் எல்லாம் போனாலும் போகும். ஆனால் 'ஒண்ணும் தெரியாது' என்ற வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. திட்டுகிறபோது அவனுடையதாகிற படம், நாளைக்கு எவனாவது புகழ்ந்தாலும் அவனுடையதாகத்தான் இருக்கும். அவள் இறங்கி வந்தாள்.

"இல்ல அண்ணாச்சி. அந்தப் படம் நான் எடுத்தது."

"ஷீலா, பேசாம இரு" என்றான் கிறிஸ்டோ.

"இருக்க மாட்டேங்க. வையிறதா இருந்தா என்னைய வையட்டும். படம் என்னோடது."

அண்ணாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். "புருசனைக் காப்பாத்தப் பொய் சொல்றியாக்கும்? பொம்பள எடுக்கிற படமா இது?"

கவனித்தீர்களா? எரிச்சலிலும் மனிதர் தன்னை அறியாமல் அது எப்பேர்ப்பட்ட படம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். ஷீலா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்நேரம் இவுக பந்தியில இருந்தாக. பக்கத்துல நின்னது நான் ஒருத்திதான். நீங்க குதிக்கையில என்ன சொல்லிக் கத்துனீகன்னு இவுகளைக் கேளுங்க, தெரியாது. என்னையக் கேளுங்க."

அண்ணாச்சியின் முகத்தில் இருந்த சிவப்பு சட்டென்று இறங்கியது. "நான் என்ன கத்துனேன்? ஒண்ணும் கத்தல."

"சொல்லவா?"

"வேணாம், வேணாம். நீதான் எடுத்த, ஒத்துக்கிடுதேன். போ, உள்ள போ."

இப்படி ஒரு பதறலைக் கேட்டால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? சரஸ்வதியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "சொல்லு தாயி. என்ன கத்துனாக?"

ஷீலா கொஞ்சம் தயங்கினாள். "சரசு, சரசுன்னு கத்துனாகம்மா."

தவசி அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் திரும்பவில்லை. அண்ணாச்சி குடைக் கம்பியை எண்ணிப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"என்னையவா?" என்றாள் சரஸ்வதியம்மாள். கிறிஸ்டோ கையிலிருந்து படத்தை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திறந்திருந்த வாயைப் பார்த்தாள். "மாடு முட்ட வந்தா சாமியக் கூப்பிடுவாக, பெத்த ஆத்தாளக் கூப்பிடுவாக. என்னையவா கூப்பிட்டீக? முப்பது வருசமா என் பேரே உங்களுக்கு மறந்துபோச்சுன்னுல்ல நெனைச்சேன்." சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மேலிருந்து கீழே, வாய், குடை, வேட்டி, கால், அப்புறம் அண்டாவுக்குப் பக்கத்துத் தரை. அங்கே அவள் விரல் நின்றது.

"இந்தா கெடக்கு பாருங்க, நெழலு! குடையோட சேந்து விழுந்து கெடக்கு. பேய்க்கு ஏது நெழலு? காலு பாவலைன்னா என்ன, நெழலு பாவியிருக்குல்ல? மனுசன் கெட்டியா உசுரோட இருக்காக." படத்தைக் கிறிஸ்டோவிடம் கொடுக்கவில்லை, ஷீலா கையில் கொடுத்தாள். "மாட்டு தாயி. நடுவுலயே மாட்டு. எனக்கு ஒண்ணு தனியா போட்டுக் குடு. மாடியைக் காலி பண்ணச் சொல்றதா இருந்தா, மொதல்ல என்னையக் காலி பண்ணச் சொல்லட்டும் இவுக."

அண்ணாச்சி கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எம்புட்டு ஒசரம் இருக்கும்?" என்று கேட்டார்.

"அண்டாவுக்கு மேல ஒரு முழம் தேறும் அண்ணாச்சி."

"இந்த மூட்டு வலியோட" என்று சொல்லிக்கொண்டு கடைக்குள் போனார். அன்றைக்குச் சாயங்காலம் வத்தல் வாங்க வந்த வெளியூர் வியாபாரியை அவரே கூட்டிவந்து பெட்டியைக் காட்டியதைத் தவசி பார்த்துவிட்டான். அடுத்த வாரம் அந்த ஒரு முழம் ஒன்றரை முழமாகியிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. தறிக்காரப் பையன்கள் கூட்டமாக வந்து, "அக்கா, எங்களையும் காலு பாவாம எடுங்க" என்று மாடியில் குதித்தார்கள். கீழே இருந்து அண்ணாச்சி, "ஏலே, மெதுவாக் குதிங்கலே! வத்தல் மூட்டையில சுண்ணாம்பு உதிருது!" என்று கத்துவார். கத்துவாரே தவிர நிறுத்தச் சொல்லமாட்டார். கல்யாண வீடுகளிலும் பேச்சு மாறியது. பொண்ணு அழுகிறபோது, மாப்பிள்ளை தடுமாறுகிறபோது, மாமனும் மச்சானும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறபோது எடுக்க அந்த அம்மா வரவேண்டும் என்றார்கள். கிறிஸ்டோவுக்கு முதலில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஒருநாள் சாப்பிடும்போது அவனாகவே சொன்னான்: "அன்னிக்கு உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்ல ஷீலா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல." அவள் சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

தொண்ணூற்றிரண்டில் பரளச்சிச் சூறைக்காற்றுப் படம் ஒரு வார இதழில் முழுப் பக்கத்துக்கு வந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், 'படம்: ஜெப ஷீலா, அருப்புக்கோட்டை.' வேதநாயகம் அதைச் சபையில் ஜெபத்துக்கு முன்னால் எல்லாருக்கும் காட்டி, "கண்ணை மூடாததுக்கு ஆண்டவர் குடுத்த பலன்" என்றாராம். கிள்ளிய அம்மாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாளாம்.

அதற்குள் அவளிடம் சொந்தக் கேமரா வந்துவிட்டது. கல்யாணம் முழுக்க அவள் எடுப்பாள். பழைய கேமரா கிறிஸ்டோ தோளில் தொங்கும். அவன் மேடையில் வரிசையாக நிற்கிறவர்களை மட்டும் எடுப்பான், "ஆடாதீங்க, அசையாதீங்க." தொண்ணூற்றுநாலில் திருச்சுழிப் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்து ரெண்டு பேரும் சாயங்காலம் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கண்மாய்க் கரையிலிருந்து ஒரு வெள்ளாட்டு மந்தை ஒவ்வொன்றாகக் கீழே தாவிக்கொண்டிருந்தது. ஷீலா சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். நடுவில் ஒரு வாய்க்கால். நிற்பாளா? ஒரே தாவு.

கிறிஸ்டோ தோளிலிருந்த கேமராவில் சுருளின் மிச்சம் ரெண்டு இருந்தது. ஆயுசில் முதல்தடவையாக அவன், ஆடாதே என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஷீலா கீழே வந்தபோது கண்ணாடிப் பெட்டியில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் அவள் பறந்துகொண்டிருந்தாள். அவிழ்ந்த முடி, தூக்கிச் செருகிய சேலை, நெஞ்சோடு அணைத்த கேமரா, கால் ரெண்டும் தரையில் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் அவளுக்கு முன்னால் அவள் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளை யாரும் படமே எடுத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஐய, கழட்டுங்க அதை! தலை எப்பிடிக் கெடக்கு, சேலை எங்க கெடக்கு!"

"கழட்டி என்ன செய்ய? கிழிக்கவும் கூடாது, கொளுத்தவும் கூடாது" என்றான் கிறிஸ்டோ.

பஸ்ஸுக்கு நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "யாருங்க இந்தம்மா?"

"போட்டோக்காரம்மா."

"அப்ப நீங்க?"

கிறிஸ்டோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "நான் போட்டோக்காரம்மா வீட்டுக்காரன்."